உரையைச் சொற்களாகப் பிரிக்க எந்த வழி? பைத்தானின் ஸ்ப்ளிட்டும் அதன் மாற்றுகளும்

ஒரு வரி உரையைச் சொற்களாகப் பிரிக்க வேண்டும். பைத்தானில் இதற்குப் பல வழிகள் உண்டு. அதே வரிக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை தரும். ஆங்கில உரையில் இந்த வேறுபாடு பெரும்பாலும் ஒட்டிக்கொண்ட சில காற்புள்ளிகளோடும் சில வெற்றுத் துண்டுகளோடும் முடிந்துவிடுகிறது. தமிழ் உரையில் அப்படியில்லை. பயிற்சிப் பாடங்கள் பலவும் தூய்மையான வழி என்று பரிந்துரைக்கும் ஒன்று, தமிழ்ச் சொற்களை நார்நாராகக் கிழித்துவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. பட்டியல் ஒழுங்காகவே வந்து சேரும். உள்ளே இருப்பவைதான் சொற்களாக இருக்காது. எனவே எந்த வழியைத் தேர்வது என்பதைத் தமிழ் உரையை முன்னால் வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

எல்லா வழிகளுக்கும் ஒரே சோதனை வரியைக் கொடுப்போம்:

"  மழை வருமா?  தெரியாது, காற்று மட்டும் வீசுகிறது."

தொடக்கத்தில் இரண்டு இடைவெளிகள். வினாக்குறிக்குப் பிறகு மறுபடியும் இரண்டு. வரியின் கடைசியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு புதுவரிக் குறி. கோப்பிலிருந்து படிக்கும் வரிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

வெற்றிடத்தில் வெட்டுதல்

பைத்தானில் உரையை வெட்டித் துண்டுகளின் பட்டியலாகத் தரும் ஃபங்ஷன் ஸ்ப்ளிட். அதை அழைத்து, அடைப்புக்குறிக்குள் எதையும் கொடுக்காமல் விட்டால் கிடைப்பது இது:

['மழை', 'வருமா?', 'தெரியாது,', 'காற்று', 'மட்டும்', 'வீசுகிறது.']

ஆறு துண்டுகள். முன்னால் இருந்த இடைவெளிகளும் பின்னால் இருந்த புதுவரியும் போய்விட்டன. நடுவில் இருந்த இரட்டை இடைவெளி ஒரே பிரிப்பாகக் கொள்ளப்பட்டது. நிறுத்தற்குறிகள் மட்டும் சொற்களோடு ஒட்டியபடியே இருக்கின்றன.

அடைப்புக்குறிக்குள் ஓர் இடைவெளியைக் கொடுத்து ஸ்ப்ளிட்(' ') என்று அழைத்தால் விடை வேறு:

['', '', 'மழை', 'வருமா?', '', 'தெரியாது,', 'காற்று', 'மட்டும்', 'வீசுகிறது.\n']

ஒன்பது துண்டுகள், அவற்றில் மூன்று வெற்று. கடைசித் துண்டில் புதுவரிக் குறி (\n) இன்னும் ஒட்டியிருக்கிறது. வரியில் எட்டு இடைவெளிகள் உள்ளன, எட்டு வெட்டுகளுக்கு ஒன்பது துண்டுகள். சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது. இரண்டு அழைப்புகளும் ஒன்றுதான் என்று பலர் நினைப்பது, ஒற்றை இடைவெளி மட்டுமே உள்ள உரையில் இரண்டும் ஒரே விடை தருவதால். வெற்று உரையைக் கொடுத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துல்லியமாகத் தெரியும்: எதுவும் கொடுக்காத அழைப்பு வெற்றுப் பட்டியலைத் தரும், இடைவெளி கொடுத்த அழைப்பு, வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத உரைத்துண்டு) ஒன்றை உள்ளே கொண்ட பட்டியலைத் தரும். சொற்களின் எண்ணிக்கை தேவைப்படும் நிரலில் முதலாவது 0, இரண்டாவது 1.

எதுவும் கொடுக்காத ஸ்ப்ளிட்டின் நடத்தை பைத்தானில் பிறந்ததல்ல. 1977-இல் பெல் ஆய்வகத்தில் உருவான ஆக் மொழி, ஒரு வரியைப் புலங்களாகப் பிரித்த முறை அது. பெர்ல் மொழி அதை எடுத்துக்கொண்டபோது, ஓர் இடைவெளியைச் சரமாகக் கொடுத்தால் ஆக் முறை, அதே இடைவெளியை ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, அதாவது தேட வேண்டிய எழுத்து அமைப்பை விவரிக்கும் வடிவமாகக் கொடுத்தால் நேரடி முறை என்று வகுத்தது. பெர்லில் பழகிவிட்டுப் பைத்தானுக்கு வருபவர்கள் ஸ்ப்ளிட்(' ') என்று எழுதிவிட்டு ஆக் முறையை எதிர்பார்ப்பது இதனால்தான்.

மூன்றாவதாக, ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுதியான 'ரீ'யின் ஸ்ப்ளிட்டுக்கு 'ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வெற்றிடம்' என்ற வடிவத்தைக் கொடுக்கலாம். முதல் வழியும் இதுவும் ஒன்றென்றுதான் தோன்றும். ஆனால் வருவது எட்டுத் துண்டுகள்: ஆறு சொற்கள், அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வெற்றுத் துண்டு. வரி வெற்றிடத்தில் தொடங்கினால், அந்த முதல் பிரிப்புக்கு இடப்பக்கம் ஒன்றுமில்லை என்பதையும் அது பதிவு செய்கிறது. அதற்காக முன்கூட்டியே ஸ்ட்ரிப் கொண்டு இரு முனை வெற்றிடங்களையும் நீக்கிக்கொள்ள வேண்டும் என்றால், எதுவும் கொடுக்காத ஸ்ப்ளிட்டே போதும். வேகமும் அதற்குத்தான் கூடுதல்.

ஆனால் ஒரு வேலையில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வழிதான் சரி. உரையை வெட்டி, சில சொற்களை மாற்றி, மறுபடி ஒட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் கொடுக்காத ஸ்ப்ளிட்டால் வெட்டி ஓர் இடைவெளியால் ஒட்டினால், மூல உரையின் பத்திப் பிரிவு, உள்தள்ளல், இரட்டை இடைவெளி எல்லாம் அழிந்துபோகும். வெற்றிட வடிவத்தைப் பிறை அடைப்புக்குள் வைத்து 'ரீ'யின் ஸ்ப்ளிட்டுக்குக் கொடுத்தால், பிரிப்பான்களும் பட்டியலில் இடம்பெறும்: சொல், வெற்றிடம், சொல், வெற்றிடம் என்று மாறி மாறி. அந்தப் பட்டியலை எதுவும் இடையில் வைக்காமல் ஒட்டினால் மூல உரை எழுத்துக்கு எழுத்து திரும்பிவிடும். எழுத்துப்பிழை திருத்தி, பெயர்மாற்றக் கருவி போன்றவற்றை எழுதுபவர்கள் இந்த ஒரு வழியைத் தவிர வேறெதையும் நாட வேண்டியதில்லை.

எது வெற்றிடம்?

எதுவும் கொடுக்காத ஸ்ப்ளிட்டுக்கு வெற்றிடம் என்பது, உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோட் தரநிலை சொல்லும் வெற்றிடம். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த உரையில் அடிக்கடி ஒளிந்திருக்கும் உடையா இடைவெளி, அதாவது 160-ஆம் குறியெண், இதில் அடங்கும். ஸ்ப்ளிட்(' ') அதைக் கண்டுகொள்ளாது; இரண்டு சொற்கள் ஒன்றாகவே நின்றுவிடும். திரையில் பார்த்தால் சரியாகப் பிரிந்ததுபோலவே இருக்கும் என்பதால், இந்தப் பிழையைக் கண்ணால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். உரையாக மாற்றாமல் பைட்டுகளாகவே வைத்துக்கொண்டு பிரித்தாலும் இதே நிலைதான், ஏனெனில் பைட்டு வகையின் ஸ்ப்ளிட்டுக்கு, ஆங்கிலத்துக்கான பழைய ஆஸ்கி குறித்தொகுப்பின் வெற்றிடங்கள் மட்டுமே தெரியும்.

மறுபக்கம், பெயரில் இடைவெளி இருந்தும் வெற்றிடமாகக் கொள்ளப்படாதவையும் உண்டு. 8203-ஆம் குறியெண்ணான சுழி அகல இடைவெளி அப்படிப்பட்டது. யூனிகோட் அதை வடிவமைப்புக் குறி என்றே வகைப்படுத்தியிருக்கிறது. ஸ்ப்ளிட் அதைத் தொடாது. 8204-ஆம் குறியெண்ணான இணைப்புத் தடையும் அவ்வாறே. தமிழில் இது தேவையோடு வருவது: 'க்' என்பதும் 'ஷ' என்பதும் சேர்ந்து ஒற்றை வடிவமாக மாறிவிடாமல் தனித்தனியே நிற்க வேண்டிய இடத்தில் தட்டச்சு செய்பவர்கள் இதை இடுகிறார்கள். இது சொல்லுக்குள் இருக்க வேண்டிய குறி. இங்கே வெட்டாமல் விடும் ஸ்ப்ளிட்தான் சரி. கோப்பின் தலையில் வரும் 65279-ஆம் குறியெண்ணையும் பைத்தான் வெற்றிடமாகக் கருதுவதில்லை. அது முதல் சொல்லோடு ஒட்டிக்கொண்டு, 'மழை' என்ற சொல்லை அகராதியில் தேடும்போது கிடைக்காமல் செய்யும். கோப்பைத் திறக்கும்போதே அந்தக் குறியை நீக்கும் குறியாக்கத்தைத் தேர்வதுதான் தீர்வு.

நிறுத்தற்குறியை என்ன செய்வது?

'வருமா?' என்பதும் 'வருமா' என்பதும் சொல் எண்ணும் நிரலுக்கு இரண்டு சொற்கள். ஆகவே வெற்றிடத்தில் வெட்டியபின் இன்னொரு வேலை மிச்சமிருக்கிறது. இதற்கு மூன்று அணுகுமுறைகள் உள்ளன: வெட்டும் முன்பே குறிகளை நீக்குவது, வெட்டியபின் ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் செதுக்குவது, வெட்டுவதையே விட்டுவிட்டுச் சொல் எதுவென்று வரையறுத்து அவற்றைப் பொறுக்கியெடுப்பது.

முதலாவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். குறிகளை அழித்தால் 3.14 என்பது 314 ஆகிவிடும். 'வந்தான்,போனான்' என்று இடைவெளியின்றி எழுதப்பட்டது 'வந்தான்போனான்' என்று ஒரே சொல்லாகிவிடும். அழிப்பதற்குப் பதிலாகக் குறியிருந்த இடத்தில் இடைவெளி வைத்தால் இரண்டாவது சிக்கல் தீர்கிறது, 3.14 மட்டும் இப்போது 3, 14 என இரண்டாகிறது. தரவில் எண்களே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய இந்த வழி வேண்டாம்.

இரண்டாவது, முனை செதுக்கல். ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்ட்ரிப் அழைத்து, நீக்க வேண்டிய குறிகளைக் கொடுப்பது. சொல்லுக்குள் இருக்கும் குறிகளை இது தொடாது என்பதுதான் இதன் பெரிய பலம். 3.14 அப்படியே இருக்கும், 12,500 அப்படியே இருக்கும், 'கி.மு.' என்பது கடைசிப் புள்ளியை மட்டும் இழந்து 'கி.மு' என நிற்கும். செதுக்க வேண்டிய குறிகளாகப் பைத்தான் தன் ஸ்ட்ரிங் தொகுதியில் 32 குறிகள் கொண்ட ஒரு மாறிலியைத் தயாராக வைத்திருக்கிறது. பெரும்பாலோர் அதையே பயன்படுத்துகிறார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். அந்த 32 குறிகளும் ஆஸ்கியைச் சேர்ந்தவை. அச்சு உரையில் வரும் வளைந்த மேற்கோள்குறிகள் அதில் இல்லை; நீண்ட கோடு இல்லை; ஒற்றைக் குறியெண்ணாக வரும் முப்புள்ளி இல்லை. “வருமா?” என்று வளைந்த மேற்கோளுக்குள் ஒரு சொல் வந்தால், ஸ்ட்ரிப் வெளிப்புற மேற்கோளிலேயே நின்றுவிடும். உள்ளே இருக்கும் வினாக்குறி அதன் கைக்கு எட்டாது. துண்டு முழுதும் செதுக்கப்படாமலே திரும்பி வரும்.

அந்த மாறிலியில் நாம் விரும்பாதவையும் இருக்கின்றன. கழித்தல் குறி அதில் உண்டு. -5 என்பது 5 ஆகிவிடும். கூட்டல் குறியும் எண்குறியும் உண்டு. சி++, சி#, சி ஆகிய மூன்று மொழிகளும் செதுக்கியபின் ஒரே 'சி'யாக எஞ்சும். தொழில்நுட்பக் கட்டுரைகளுக்குத் தேடல் வசதி செய்பவருக்கு இது சிறிய இழப்பு அல்ல.

இதைவிட நம்பகமானது, யூனிகோட் வகையைப் பார்த்துச் செதுக்குவது. யூனிகோட் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஒரு வகைப்பெயர் தருகிறது. நிறுத்தற்குறிகள் எல்லாவற்றின் வகைப்பெயரும் 'பி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். யூனிகோட்டேட்டா தொகுதி அந்த வகையைச் சொல்லும். துண்டின் இரு முனைகளிலிருந்தும் அந்த வகை உள்ளவரை நீக்கிக்கொண்டே வர ஐந்தாறு வரி நிரல் போதும். வளைந்த மேற்கோளும் நீண்ட கோடும் முப்புள்ளியும் விழுந்துவிடும். கூட்டல் குறி கணிதக் குறியாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால் சி++ பிழைத்துக்கொள்ளும். எண்குறியும் கழித்தல் குறியாகப் பயன்படும் இணைப்புக்குறியும் நிறுத்தற்குறி வகையில்தான் வருகின்றன. அவற்றுக்கு விதிவிலக்கு எழுதிக்கொள்ள வேண்டும். தமிழுக்கு இதில் ஒரு முக்கியமான பாதுகாப்பு உண்டு: மெய்யின் மேல் வைக்கும் புள்ளி யூனிகோட்டில் நிறுத்தற்குறியே அல்ல, அதன் வகை சார்குறி, அதாவது முந்தைய எழுத்தைச் சார்ந்து நிற்கும் குறி. அதனால் 'வந்தான்' என்ற சொல்லின் கடைசிப் புள்ளி பத்திரமாக இருக்கும்.

இதைத் தலைகீழாக, 'எழுத்தோ எண்ணோ அல்லாதவற்றை முனையிலிருந்து நீக்கு' என்று எழுதினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஒரு குறி எழுத்தோ எண்ணோ என்று பார்க்கும் பைத்தானின் ஈஸ்அல்நம் சோதனை உயிர்மெய்க் குறிகளையும் மெய்ப்புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. 'வந்தான்' என்பது 'வந்தான' ஆகும், 'மழை' என்பது 'மழ' ஆகும், 'தீ' என்பது 'த' ஆகும். 'எழுத்துகள் மட்டும் உள்ள துண்டுகளை வைத்துக்கொள்' என்று ஈஸ்ஆல்ஃபா கொண்டு வடிகட்டினால் நிலைமை இன்னும் மோசம். 'தமிழ்' என்ற சொல்லுக்கே அது பொய் என்று விடை தருகிறது. 'பல', 'வர' போன்ற, அகரமேறிய எழுத்துகளும் உயிரெழுத்துகளும் மட்டுமே உள்ள சொற்கள் தப்பிக்கும். மற்றவை எல்லாம் வடிகட்டியில் சிக்கி மறைந்துவிடும்.

சொல்லைப் பொறுக்குதல்

மூன்றாவது அணுகுமுறை மேற்பார்வைக்கு மிக நேர்த்தியானது. பிரிப்பான்கள் எவையென்று கணக்கெடுப்பதை விட்டு, சொல் எழுத்து எதுவென்று சொல்லிவிடுவது. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்கோட்டுடன் சிறிய டபிள்யூ எழுதினால் 'சொல் எழுத்து' என்று பொருள். ஃபைண்ட்ஆல் என்ற ஃபங்ஷனுக்கு 'தொடர்ந்து வரும் சொல் எழுத்துகள்' என்ற வடிவத்தைக் கொடுத்தால், வெற்றிடமும் நிறுத்தற்குறியும் ஒரே வீச்சில் விலகிவிட வேண்டும். ஆங்கிலத்தில் அப்படியே நடக்கிறது. நம் சோதனை வரிக்கு வரும் விடை இது:

['மழ', 'வர', 'ம', 'த', 'ர', 'ய', 'த', 'க', 'ற', 'ற', 'மட', 'ட', 'ம', 'வ', 'ச', 'க', 'றத']

ஆறு சொற்கள் பதினேழு துண்டுகளாகிவிட்டன. காரணம் முன்பு பார்த்ததேதான்: பைத்தானின் 'ரீ' தொகுதிக்குச் சொல் எழுத்து என்பது ஈஸ்அல்நம் சோதனையில் தேறும் எழுத்தும் அடிக்கோடும் மட்டுமே. தமிழில் கால், கொம்பு, சுழி, புள்ளி ஆகியவை தனிக் குறியெண்கள். யூனிகோட் அவற்றைச் சார்குறிகள் என்ற வகையில் வைத்திருக்கிறது. அவை வரும் இடமெல்லாம் சொல் முடிந்துவிட்டதாக 'ரீ' எடுத்துக்கொள்கிறது. தேவநாகரி உள்ளிட்ட மற்ற இந்திய எழுத்துமுறைகளுக்கும் இதே கதிதான்.

எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் தருவது ஒன்று உண்டு. 2008-இல் வெளிவந்த பைத்தான் 3 முதல், நிரலின் மாறிகளுக்கே தமிழில் பெயர் வைக்கலாம். 'தமிழ்' என்பது செல்லுபடியாகும் மாறிப்பெயர். மொழியின் இலக்கணப் பகுப்பான் அதை ஒரே சொல்லாகப் படிக்கிறது, ஏனெனில் அது சார்குறிகளையும் பெயரின் பகுதியாக ஏற்கும் யூனிகோட் விதியைப் பின்பற்றுகிறது. அதே மொழியோடு வரும் உரைத்தேடல் தொகுதி அதே சொல்லை 'தம', 'ழ' என்று உடைக்கிறது. தன் நிரலைப் படிக்கும்போது உள்ள அறிவு, நம் உரையைப் படிக்கும்போது அதற்கு இல்லாமல் போகிறது.

தீர்வு இரண்டு. முதலாவது, ரெஜெக்ஸ் என்ற பெயரில் தனியே நிறுவிக்கொள்ளும் தொகுதி. 'ரீ'யைப் போலவே எழுதலாம். சொல் எழுத்து என்பதில் சார்குறிகளையும் சேர்த்துக்கொள்கிறது. அதே ஃபைண்ட்ஆல், அதே வடிவம், ஆனால் விடை:

['மழை', 'வருமா', 'தெரியாது', 'காற்று', 'மட்டும்', 'வீசுகிறது']

யூனிகோட் வகைகளைப் பெயர் சொல்லிக் கேட்கும் வசதியும் அதில் உண்டு: 'எழுத்து, சார்குறி, எண் ஆகிய வகைகளில் எதுவாயினும்' என்று வெளிப்படையாக எழுதலாம். நான் அப்படி எழுதுவதையே விரும்புகிறேன். படிப்பவருக்கு எண்ணம் புரிகிறது. அடிக்கோட்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதும் நம் கையில் இருக்கிறது. இணைப்புத் தடை இந்த மூன்று வகைகளில் எதிலும் வராது என்பதால், உரையில் அது இருக்கக்கூடும் என்றால் அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய தொகுதி எதையும் நிறுவ முடியாத சூழலில் இரண்டாவது தீர்வு: 'ரீ'யிலேயே சொல் எழுத்துக் குறியோடு தமிழ்த் தொகுதியின் குறியெண்களையும் சதுர அடைப்புக்குள் சேர்ப்பது. 2944 முதல் 3071 வரை உள்ள 128 இடங்கள் தமிழுக்குரியவை. உயிர், மெய், கிரந்த எழுத்து, சார்குறி, தமிழ் எண் எல்லாம் அதற்குள் உள்ளன. நாள், மாதம், வரவு, பற்று முதலியவற்றுக்கான பழைய குறியீடுகளும் அந்த எல்லைக்குள் வருவதால் அவையும் சொல்லாகக் கணக்கிடப்படும். பெரும்பாலான உரைகளில் அவை வருவதே அரிது. தமிழும் ஆங்கிலமும் மட்டும் உள்ள உரைக்கு இது தாராளமாகப் போதும். நாளை இந்தியோ மலையாளமோ வந்து கலந்தால் உடையும்.

இரண்டு தீர்வுகளிலும் ஒரு விலை இருக்கிறது, அது முனை செதுக்கலில் இல்லாத விலை. சொல்லுக்குள் இருக்கும் குறியும் வெட்டுப் புள்ளியாகிவிடுகிறது. 'கி.மு' என்பது 'கி', 'மு' என்றும், 12,500 என்பது 12, 500 என்றும், 'இரு-மொழி' என்பது 'இரு', 'மொழி' என்றும் பிரியும். மறுபுறம், இடைவெளி விடாமல் தட்டச்சு செய்த 'வந்தான்,போனான்' இதில் சரியாக இரண்டாகும். முனை செதுக்கலில் அது ஒன்றாகவே கிடக்கும். ஆகவே தேர்வு உரையின் தன்மையைப் பொறுத்தது. பதிப்பாசிரியர் கண்பட்ட, இடைவெளிகள் ஒழுங்காக உள்ள உரை என்றால் எதுவும் கொடுக்காத ஸ்ப்ளிட்டும் யூனிகோட் வகை பார்க்கும் முனை செதுக்கலும் சேர்ந்ததே என் தேர்வு. பொதுமக்கள் கைப்பேசியில் அவசரமாகத் தட்டிய செய்திகள் என்றால் ரெஜெக்ஸ் ஃபைண்ட்ஆல். அதிலும் ஒரு திருத்தம் செய்துகொள்வேன்: இரண்டு பக்கமும் இலக்கம் இருந்தால் நடுவில் வரும் ஒற்றைப் புள்ளியையும் காற்புள்ளியையும் அனுமதிப்பது, இரண்டு பக்கமும் எழுத்து இருந்தால் இணைப்புக்குறியை அனுமதிப்பது. வடிவம் சற்று நீளும். ஆனால் தேடல் பெட்டியில் 12,500 என்று இட்டவருக்கு 500 பற்றிய பக்கங்கள் வந்து குவியாது.

இந்தத் திருத்தங்களை எல்லாம் சேர்த்து யூனிகோட் அமைப்பே ஒரு விதித்தொகுப்பாக வெளியிட்டிருக்கிறது; அதன் 29-ஆம் இணைப்பு அறிக்கை சொல் எல்லைகளைப் பற்றியது. ஐசியு என்ற நூலகம் அதைச் செயல்படுத்துகிறது. பைத்தானிலிருந்து பைஐசியு வழியாக அழைக்கலாம். சார்குறிகளை அது ஒருபோதும் முந்தைய எழுத்திலிருந்து பிரிக்காது. 3.14, 12,500, 'கி.மு' எல்லாம் ஒன்றாகவே நிற்கும். 'வந்தான்,போனான்' பிரியும். ஆனால் 'வந்தான்.போனான்' பிரியாது! இரண்டு எழுத்துகளுக்கு நடுவே வரும் புள்ளியைச் சுருக்கக் குறியாகவே அந்த விதி கருதுகிறது. இணைப்புக்குறியில் எப்போதும் வெட்டும். பன்மொழி உரைக்கு இதைவிட நல்ல பொது விதி எனக்குத் தெரியாது. ஆனால் நிறுவும் சுமை அதிகம், விதியைத் திருத்துவதும் எளிதல்ல. தமிழும் ஆங்கிலமும் மட்டுமே கையாளும் சிறிய நிரலுக்கு இவ்வளவு தேவையில்லை.

அட்டவணைத் தரவுக்கு எதிர்மாறான அறிவுரை

இதுவரை வெற்றுத் துண்டுகளைத் தொல்லையாகவே பார்த்தோம். அட்டவணையின் ஒரு வரியைப் பிரிக்கும்போது வெற்றுத் துண்டு என்பது தகவல். டேப்பால் பிரிக்கப்பட்ட மூன்று பத்திகளில் (நெடுவரிசைகளில்) நடுப்பத்தி காலியாக இருந்தால், எதுவும் கொடுக்காத ஸ்ப்ளிட் இரண்டு டேப்புகளையும் ஒன்றாக விழுங்கி, இரண்டே துண்டுகள் தரும். மூன்றாம் பத்தியின் மதிப்பு இரண்டாம் பத்திக்கு நகர்ந்துவிடும். தொலைபேசிப் பத்தியில் வர வேண்டிய எண் முகவரிப் பத்தியில் வருவது இப்படித்தான். இங்கே பிரிப்பானை வெளிப்படையாகக் கொடுத்தே ஆக வேண்டும். 'அ,,இ' என்பதை ஸ்ப்ளிட்(',') மூன்று துண்டுகளாகத் தருவதுதான் சரி.

பிரிப்பானாக ஒன்றுக்கு மேற்பட்ட குறிகளைக் கொடுத்தால், பைத்தான் அவற்றை ஒரே தொடராகவே கொள்ளும். ஸ்ப்ளிட்(',;') என்பது காற்புள்ளியை அடுத்து அரைப்புள்ளி வரும் இடத்தில் மட்டுமே வெட்டும்; இரண்டில் எது வந்தாலும் வெட்ட வேண்டும் என்றால் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேவை. ஸ்ட்ரிப் இதற்கு நேர்மாறு: அதற்குக் கொடுக்கும் சரம் தனித்தனிக் குறிகளின் தொகுப்பு. ஒரே மொழியில், அருகருகே நிற்கும் இரண்டு ஃபங்ஷன்கள் ஒரே சரத்தை இரண்டு விதமாகப் படிக்கின்றன.

காற்புள்ளிக் கோப்புகளுக்கு ஸ்ப்ளிட்டே வேண்டாம். கவிதை,"மழை, வெயில்",12 என்ற வரியில் மேற்கோளுக்குள் இருக்கும் காற்புள்ளி தரவின் பகுதி. ஸ்ப்ளிட் நான்கு துண்டுகள் தரும், இருப்பதோ மூன்று புலங்கள். 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற இணைய ஆவணம் இந்த மேற்கோள் மரபை எழுதிவைத்திருக்கிறது. பைத்தானோடு வரும் சிஎஸ்வி தொகுதி அதை அறியும்.

வேறு மொழிக்கு நகரும்போது

பைத்தானில் எழுதிய தர்க்கத்தை வேறொரு மொழிக்கு எடுத்துச் செல்பவர் பெயர் ஒன்றுதானே என்று நம்பிவிடக் கூடாது. 'அ,இ,,' என்ற சரத்தைக் காற்புள்ளியில் பிரித்தால் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், கோ ஆகியவை நான்கு துண்டுகள் தரும். ஜாவா, பெர்ல், ரூபி ஆகியவை கடைசியில் வரும் வெற்றுத் துண்டுகளைத் தாமாகவே நீக்கி இரண்டே தரும். ஜாவாவில் அவற்றைத் தக்கவைக்க இரண்டாம் அளவாக -1 கொடுக்க வேண்டும்.

அந்த இரண்டாம் அளவே தனிக் கதை. 'பெயர்=அ=இ' என்ற சரத்தைச் சமக்குறியில் பிரிக்கச் சொல்லி, கூடவே 1 என்ற எண்ணையும் கொடுங்கள். பைத்தானுக்கு அது எத்தனை முறை வெட்டலாம் என்ற வரம்பு; ['பெயர்', 'அ=இ'] என்று தரும். ஜாவாவுக்கு அது எத்தனை துண்டுகள் என்ற வரம்பு; சரம் வெட்டப்படாமல் முழுதாகத் திரும்பும். ஜாவாஸ்கிரிப்ட் எல்லா இடத்திலும் வெட்டி, முதல் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடும். ஒரே எண், மூன்று விடைகள், அவற்றில் ஒன்று தரவை இழக்கிறது.

ஜாவாவின் ஸ்ப்ளிட் எப்போதும் ரெகுலர் எக்ஸ்பிரஷனையே எதிர்பார்க்கிறது. 'அ.இ.உ' என்பதைப் புள்ளியில் பிரிக்கச் சொன்னால் வெற்று அணி வரும். புள்ளிக்கு 'எந்த எழுத்தும்' என்று பொருள் என்பதால் எல்லாமே பிரிப்பானாகி, எஞ்சிய வெற்றுத் துண்டுகளும் நீக்கப்பட்டுவிடுகின்றன. புள்ளிக்கு முன் பின்சாய்கோடு இட்டே கொடுக்க வேண்டும்.

தமிழைப் பொறுத்தவரை இன்னொரு வேறுபாடும் உண்டு. சொல் எழுத்துக் குறி ஜாவாஸ்கிரிப்டிலும் கோ மொழியிலும், இயல்புநிலையில் ஜாவாவிலும், 26 ஆங்கில எழுத்துகளின் இரு வடிவங்கள், பத்து இலக்கங்கள், அடிக்கோடு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. தமிழ் உரையில் அங்கே கிழிந்த துண்டுகள்கூடக் கிடைக்காது, ஒன்றுமே கிடைக்காது. பிழை உடனே கண்ணில் படும் என்ற அளவில் அது பைத்தானின் அரைகுறை விடையைவிட மேல் என்றே சொல்வேன். ஜாவாஸ்கிரிப்டில் 2018 முதல் யூனிகோட் வகைகளைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். இன்டல் தொகுதியின் செக்மென்டர், மேலே சொன்ன 29-ஆம் அறிக்கையின் விதிகளை உலாவியிலேயே தருகிறது. 2024-இல் பயர்பாக்ஸும் சேர்ந்துகொண்டதால் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. உலாவியில் ஓடும் நிரலுக்கு எதையும் நிறுவாமல் கிடைக்கும் மிகச் சரியான வழி இதுதான். பெர்லும் ரஸ்ட்டின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகமும் சார்குறிகளைச் சொல்லின் பகுதியாகவே கொள்கின்றன.

எந்த வழியைத் தேர்ந்தாலும், முதலில் சில சரங்களை அதற்குக் கொடுத்துப் பாருங்கள்: வெற்றுச் சரம்; வெறும் இரண்டு இடைவெளிகள்; 'தமிழ்'; வளைந்த மேற்கோளுக்குள் “வருமா?”, 'வந்தான்,போனான்', 'கி.மு. 300', 12,500, -5, நடுவில் 160-ஆம் குறியெண் உள்ள இரண்டு சொற்கள். சோதனைக்கு 'பல' என்ற சொல்லை மட்டும் கொடுக்காதீர்கள். அது பைத்தானின் எல்லா வழிகளிலும் தேறிவிடும்.